தவளை அறையில் சோப்பு நுரை

குளிர்சாதனத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். முப்பத்தைந்து வருடத்தில் நான் செய்த பெரிய வேலை எது என்று. மீன் கிடங்கு, பால் பண்ணை, மருந்துக் கிடங்கு என்று ஏதாவது சொல்வேன், வாயைப் பிளந்துகொண்டு கேட்கலாம் என்று நினைக்கிறீர்கள். நான் சொல்லப்போவது ஒரு குளியலறை அளவே உள்ள அறையைப் பற்றி. அதில் குடியிருந்தவை முப்பது தவளைகள்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். அன்றைக்கு நானும் சிரித்தவன்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின கோடை அது. கத்திரி வெயிலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே தகித்துக்கொண்டிருந்தது. ஊரில் உள்ள ஏசியெல்லாம் ஒரே நேரத்தில் படுத்துக்கொள்ளும் காலம் அல்லவா, எங்கள் பட்டறையில் ஒருவருக்கும் உட்கார நேரமில்லை. அப்போது முதலாளி என்னைக் கூப்பிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு இயற்கை மையம் இருக்கிறது, அங்கே ஒரு அறைக்கு நாம் குளிரூட்டி செய்து கொடுத்திருக்கிறோம், அது குளிரவில்லையாம், கோதண்டத்தைக் கூட்டிக்கொண்டு உடனே போ என்றார். அழிந்துகொண்டிருக்கும் ஒரு தவளை இனத்தைக் காப்பாற்றுவதற்காகவே நடத்தப்படும் மையம் அது.

கோதண்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வேப்பம்பட்டுக்காரன். அவன் அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். இவன் ஐடிஐ படித்துவிட்டு எங்களிடம் வந்தான். செம்புக் குழாயைப் பற்றவைக்கிற வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாயிலும் கிடையாது.

"இன்னா அண்ணாத்தே, தவளைக்கு ஏசியா? எங்க ஊட்ல ஃபேனே மொனகிகினு சுத்துது" என்று வண்டி பூந்தமல்லி தாண்டும்போது ஆரம்பித்தவன், மலை ஏறுகிற வரைக்கும் நிறுத்தவில்லை. "எங்க ஊர்ல மழை பேஞ்சா போதும், ஊரே கேக்கற மாதிரி கத்திகினு கீதுங்க. அதுங்களுக்கெல்லாம் யார் ஏசி போட்டா?"

நான் என்ன பெரிய ஜீவகாருண்யவாதியா? திருமுல்லைவாயிலில் என் வீட்டுக்குப் பின்னால் காலி மனை. ஐப்பசியில் அங்கே தண்ணீர் தேங்கித் தவளைகள் கச்சேரி வைத்தால் ஜன்னலை அறைந்து சாத்துகிறவன் நான். அவனோடு சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டுதான் போனேன்.

மறுநாள் காலை போய்ச் சேர்ந்தோம். வாசலில் சிமெண்டில் எருமைக்கன்று அளவுக்கு ஒரு தவளை, பச்சை பெயிண்ட் அடித்து உட்கார்ந்திருந்தது. உண்மையான தவளை என் கட்டைவிரல் நகம் அளவுதான், நிறம் பச்சைகூட இல்லை, செங்கல் நிறம் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்களை வரவேற்றது செல்வி என்ற பெண். இருபத்தைந்து வயதிருக்கும். அந்தத் தவளைகளை வளர்ப்பது அவள் பொறுப்பு. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

அவள் சொன்ன விஷயம் இதுதான். இந்த வகைத் தவளை அந்த ஒரு மலையின் உச்சியில் உள்ள புல்வெளியில் மட்டும்தான் உண்டு. அங்கேயும் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் முப்பது தவளைகளை இந்த அறையில் வைத்து வளர்க்கிறார்கள். அறை பதினேழு டிகிரியில் இருக்க வேண்டும். குளிர் நின்றதிலிருந்து, ஐஸ் போட்ட தண்ணீர் பாட்டில்களை ஈரச் சாக்கில் சுற்றி அடுக்கி எப்படியோ இருபத்து மூன்றில் நிறுத்தி வைத்திருக்கிறாள். இருபத்தாறைத் தாண்டினால் அவை தாங்காது.

"வெளியே மரத்தடியில வெச்சா ஜில்லுன்னுதானேம்மா இருக்கும்?" என்று கேட்டேன்.

"வெளியில தவளைங்களுக்கு ஒரு தோல் நோய் இருக்கு சார். இதுங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா ஒண்ணுகூட மிஞ்சாது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது மட்டுமில்ல சார். முதல் தடவையா முட்டை வெச்சிருக்கு. பதினாலு முட்டை. இத்தனை வருஷத்துல இப்பதான். மேல் தட்டுல மூணாவது பெட்டி. அதை மட்டும் தொடாதீங்க."

உள்ளே நுழைவதற்கு அவள் வைத்த சட்டங்களைக் கேட்டால் அசந்துபோவீர்கள். செருப்பைக் கழற்றி அவர்கள் கொடுக்கும் ரப்பர் காலணியைப் போட்டு, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, கையை வெறும் தண்ணீரில் மூன்று முறை கழுவ வேண்டும். தவளைக்குத் தோலே மூக்கு மாதிரி, தோலே வாய் மாதிரி. பக்கத்தில் எது இருந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றாள். கோதண்டம் தலையில் எண்ணெய் வழிய, கழுத்தில் பவுடர் அப்பிக்கொண்டு நின்றான். அவனைக் குழாயடிக்கு அனுப்பித் தலையைக் கழுவ வைத்துவிட்டாள்.

"எங்க மாமியார் ஊட்டுக்குக்கூட நான் இவ்ளோ சுத்தமா போனதில்ல தங்கச்சி" என்றான் அவன், தலை சொட்டச் சொட்ட.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல். மருந்துக் கிடங்கிலும் ஆபரேஷன் அறையிலும் வேலை பார்த்தவன் நான், எனக்கே சுத்தம் சொல்லித் தருகிறாளே என்று. பிள்ளைகளே, இந்த எரிச்சல் வரும்போது உஷாராகிவிடுங்கள். எனக்கு அன்றைக்கு அது தெரியவில்லை.

சுவரோரமாகக் கண்ணாடிப் பெட்டிகள், மேலே வலைமூடி, உள்ளே பாசி, இலை, ஈரம். கூரையை ஒட்டி எங்கள் காயில், அதாவது அறையைக் குளிர்விக்கிற செம்புக் குழாய்ச் சுருள். அதற்கு நேர் கீழே மேல் தட்டு. வெளியில் இருந்த மெஷின் நன்றாகத்தான் ஓடியது. கேஸ் குறைந்திருந்தது, அவ்வளவுதான். லீக் உள்ளே காயிலில்தான் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அப்போது செல்வி ஐஸ் வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

லீக் எங்கே என்று பார்க்க நாம் என்ன செய்வோம்? என் பையில் அதற்கென்று விலை உயர்ந்த கருவி ஒன்று இருந்தது. அது தூங்கட்டும். எனக்கு நம்பிக்கை ஷாம்பு பாக்கெட்டில்தான். ஒரு கப்பில் தண்ணீர், ஒரு பாக்கெட் ஷாம்பு, பழைய பெயிண்ட் பிரஷ். நுரை தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் கிளம்பும். ஆயிரம் தடவை செய்தது, கை தானாகச் செய்யும். அன்றைக்கும் செய்தது. கையை வெறும் தண்ணீரில் மூன்று முறை கழுவிவிட்டு உள்ளே வந்தவன், அதே கையால் ஒரு கப் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்.

மூன்றாவது வளைவில் குமிழ் கிளம்பியது. "புடிச்சிட்டேன்டா!" என்று கத்தினேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த கோதண்டம் பெட்டியைக் கைகாட்டினான். கீழே பார்த்தேன். காயிலுக்கு அடியில் தண்ணீர் பிடிக்கிற தட்டின் ஓரமாக நுரை ஒழுகி, ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, மூன்றாவது பெட்டியின் வலைமூடி வழியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

கையால் தட்டை அணைத்துப் பிடித்தேன். துணியால் துடைத்தேன். பெட்டியின் மூடியையும் துடைத்தேன். எதைத் தொடாதே என்றாளோ அதையேதான். உள்ளே பாசியின் மேல் நுரை சின்னதாக மினுங்கி, பிறகு அடங்கிவிட்டது. பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. முட்டைகள் ஜவ்வரிசி மாதிரி அப்படியே இருந்தன.

ஒன்றுமே தெரியவில்லை என்பதுதான் ஆபத்து. ஸ்டூலை விட்டு இறங்கிப் பிரஷ்ஷைக் கழுவினேன். கப்பைக் கவிழ்த்தேன். என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன்: ரெண்டு மூணு சொட்டுதானே, அவளுக்கு எப்படித் தெரியும், இருக்கிற சூட்டில் என்ன ஆனாலும் சூட்டால் ஆனதுதான். ஓய்வு பெற எட்டு மாதம். முப்பது வருடத்துக்கு மேல் என் மேல் ஒரு புகார் வந்ததில்லை. அந்தப் பெருமைக்காக வாயை மூடிக்கொண்டு, பத்து நிமிடம், பையில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற பத்து நிமிடம் அது.

கோதண்டம் ஸ்டூலில் ஏறி அந்தப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"அண்ணாத்தே, அந்தப் பொண்ணு வந்ததும் சொல்லிடு."

"சும்மா இருடா."

"உள்ள அசையுது அண்ணாத்தே. முட்டை உள்ள. உசுரு கீது. நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன். அப்பால என்னை கோச்சுக்காத."

என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். என்னிடம் தொழில் கற்றவன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவனை ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

செல்வி ஐஸ் மூட்டையோடு உள்ளே வந்தாள். சொல்லிவிட்டேன். எந்தப் பெட்டி, எத்தனை சொட்டு, எவ்வளவு நேரமாயிற்று, எல்லாம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மூட்டையைக் கீழே போட்டாள், முகம் வெளுத்தது. பெட்டியைத் திறந்து, பாசியோடு முட்டைகளை எடுத்து ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து, சொட்டுக் குழாயில் ஓடைத் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு முட்டையாகக் கழுவ ஆரம்பித்தாள். தாய் பிள்ளையின் கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி.

கழுவிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்: "உடனே சொல்லியிருக்கலாமே சார்?"

"தப்புத்தாம்மா" என்றேன்.

அடுத்த சிக்கல் தயாராக நின்றது. ஓட்டையை அடைக்க வேண்டும். காயில் இருக்கிற இடத்திலேயே கேஸ் டார்ச்சின் நெருப்பை வைத்தால் கோதண்டத்துக்குக் கால் மணி நேர வேலை. மதியத்துக்குள் அறை குளிர ஆரம்பித்துவிடும். ஆனால் நெருப்பும் புகையும் முப்பது தவளைக்கு மேலே. காயிலைக் கழற்றி வெளியே கொண்டுபோய்ப் பற்றவைத்து மறுபடி மாட்டினால் நான்கு மணி நேரம். அதற்குள் வெயில் ஏறும், அறை இருபத்தாறைத் தொட்டாலும் தொடும். செல்வியிடம் இரண்டையும் சொன்னேன். சாதாரண நாளாக இருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன், பற்றவைத்திருப்பேன்.

"எது சரின்னு நீங்கதான் சார் சொல்லணும். மெஷின் உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அவள் முட்டையின் மேல் சோப்பு ஊற்றியவனிடம் இதைச் சொல்கிறாள். அந்த நம்பிக்கை என் கன்னத்தில் விழுந்த அறை. சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், ஐஸ் வைத்து இழுத்துப் பிடிக்கலாம். புகை அப்படியில்லை, உள்ளே போனால் போனதுதான். "வெளியே எடுத்துடலாம்" என்றேன்.

கழற்றியதும் மாட்டியதும் உங்களுக்குத் தெரிந்த வேலை, விட்டுவிடுகிறேன். முதலில் அவளிடம் கேட்டு, எல்லாப் பெட்டிக்கும் மேலே அவள் தந்த சுத்தமான பாலிதீன் தாளை விரித்தோம். விரிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. காலையிலேயே அந்த இரண்டு நிமிடத்தைச் செலவு செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வெளியே கோதண்டம் பற்றவைத்தான். அந்த இணைப்பு மாதிரி அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. உள்ளே செல்வி ஐஸ் மாற்றிக்கொண்டே வெப்பமானியைப் படித்துச் சொல்வாள். இருபத்து நாலு. இருபத்து நாலரை. இருபத்தஞ்சு. ஒவ்வொரு தடவையும் நான் ஸ்பேனரை இன்னும் வேகமாகத் திருப்பினேன். இருபத்தைந்தரையில் மெஷினைப் போட்டோம். அரை மணி கழித்து இருபத்து நாலு என்றாள். கோதண்டம் பெட்டிக்கு முன்னால் குனிந்து, "இன்னா மாமே, ஜில்லுனு கீதா?" என்று ஒரு தவளையைக் கேட்டான். காலையிலிருந்து முதல் முறையாகச் செல்வி சிரித்தாள்.

பிறகு எங்களைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடி வழியாக முட்டைகளைக் காட்டினாள். இந்த வகைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாதாம். முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வருமாம். பார்த்தேன். கடுகு அளவில் ஒரு தவளை, காலும் கையும் கண்ணும் எல்லாம் சரியாக வைத்து, உள்ளே புரண்டு படுத்தது. இருபது வருடம் தவளைச் சத்தத்துக்கு ஜன்னல் சாத்தியவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோதண்டம் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

ஆனால் சாயங்காலத்துக்குள் மூன்று முட்டைகள் பால் மாதிரி வெளுத்துவிட்டன. செல்வி அவற்றைப் பிரித்தெடுத்து ஒரு சின்னக் குப்பியில் போட்டாள். பிறகு ஒரு நீள நோட்டைக் கொண்டு வந்தாள். அந்த அறையில் எந்த உயிர் போனாலும் அதில் எழுதியாக வேண்டும். நாள், பெட்டி எண், காரணம். மற்றதை எழுதிவிட்டு, காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"சூடா இருக்கலாம், சோப்பா இருக்கலாம். எனக்கே நிச்சயமா தெரியாது சார்" என்றாள். "வெப்பம்னு எழுதினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சோப்புன்னு எழுதினா மேலதிகாரிங்க உங்க பட்டறைக்கு போன் போடுவாங்க. என்ன எழுதட்டும்?"

தூங்காத கண்ணோடு, தன் மூன்று முட்டைகளைக் குப்பியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அவளுக்கு என்ன தலையெழுத்து?

குப்பியைப் பார்த்தேன். வெளுத்த மூன்றும் பாசியில் ஒரே ஓரத்தில் இருந்தவை. நுரை மினுங்கின ஓரம். சூடு ஓரம் பார்த்து வராது.

"பேனாவைக் குடும்மா" என்றேன்.

நானே எழுதினேன். லீக் பார்க்கக் காயிலில் தடவிய சோப்புத் தண்ணீர் பெட்டியில் விழுந்தது. மூடி வைக்கவில்லை. பத்து நிமிடம் தாமதமாகச் சொன்னேன். கீழே பெயர், கையெழுத்து. இத்தனை வருடத்தில் எவ்வளவோ வேலைச் சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இப்படிக் கை கனத்ததில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் கோதண்டம் என்னிடம் டீ வேணுமா, பன் வேணுமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். போன் வந்தது, முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயம்தான். மூன்று வாரம் கழித்து இன்னொரு போன். பதினொன்றும் பொரிந்துவிட்டன என்றாள் செல்வி. பட்டறை நடுவில் நின்று கோதண்டத்திடம் சொன்னேன். "நம்ம பசங்க அண்ணாத்தே அதுங்க!" என்று அவன் போட்ட கூச்சலில் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எந்த அறைக்குள் போனாலும் மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கைப்பழக்கத்தை வாசலில் நிறுத்திவிட்டுப் போங்கள். தப்பு நடந்தால், தடம் தெரியவில்லை என்பதற்காக வாயை மூடாதீர்கள். நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

போன கோடையில் உங்களில் ஒருவரை அந்த மலைக்கு அனுப்பினார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர் இங்கேதான் உட்கார்ந்து நெளிகிறார். அங்கிருந்து எனக்கு போன் செய்தார். குரலே ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணா, இங்க மெக்கானிக் யார் வந்தாலும் உள்ள விடறதுக்கு முன்னாடி ஒரு நீள நோட்டுல ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்றாங்க. கீழ உங்க பேரு போட்டிருக்கு. இது... நீங்களாண்ணா?"

"நான்தான்" என்றேன். "போனை வெச்சிட்டு, அந்தப் பொண்ணு என்ன சொல்லுதோ அதைக் கேளு."